அம்மா பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்

அந்தக் காகிதத்தில் இருந்தது ஓர் எழுத்துப் பிழை. முப்பத்தேழு வருஷம் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து சர்டிபிகேட் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எந்த ஆங்கிலக் காகிதம் கையில் கிடைத்தாலும் அதில் பிழை தேடுவதுதான் அப்போது எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, பஸ்ஸில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு எதையும் விட்டதில்லை. ரேஷன் கார்டில் விலாசம் சரிபார்க்க வேண்டும் என்று அப்பா பீரோவிலிருந்து பழைய பேப்பர்களை எடுத்துக் கட்டில் மேல் பரப்பியிருந்தார். அவற்றில் எங்கள் ரூமின் கடிதமும் இருந்தது.

ரூம் என்றுதான் சொல்வோம். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஐந்து நிமிஷ நடையில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடி. ஓர் அறை, அதை ஒட்டி அரை அறை, சமையலுக்கு ஒரு மூலை. அப்பா, அம்மா, நான், தம்பி. மற்ற வீடுகளுக்கெல்லாம் வாடகை ரசீது அப்பாக்கள் பெயரில் வரும். எங்களுக்கு மட்டும் அம்மா பெயரில் வந்தது. ஏன் என்று கேட்டால் அப்பா ஒரே பதில்தான் வைத்திருந்தார். "அம்மாவோட மனுஷா ஒருத்தர் ரயில்வேல இருந்தார். அவர் விட்டுட்டுப் போன இடம்."

அந்தக் கடிதம் கட்டடச் சொந்தக்காரரின் ஆபீஸிலிருந்து வந்தது. நான் பிறப்பதற்கு நாலு வருஷம் முந்தையது. இன்ன எண்ணுள்ள ரூம் இனிமேல் இன்னாருடைய பெயரில் இருக்கும் என்று போட்டு அம்மாவின் பெயர். பெயருக்குப் பின்னால் ஒரு கமா. கமாவுக்குப் பின்னால் 'ரெலிக்ட் ஆஃப்' என்று இரண்டு சொற்கள். அதற்கும் பின்னால் நான் கேள்விப்பட்டே இராத ஓர் ஆணின் பெயர்.

கடைசி எழுத்து இல்லாமல் 'ரெலிக்' என்றால் எனக்குத் தெரியும். மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைக்கிற பழம்பொருள். அம்மாவை அப்படி யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆக, 'ரெலேட்டிவ்' என்று அடிக்க வேண்டியவன் பாதியில் விரல் சறுக்கி வேறு எதையோ அடித்துவிட்டான். சொந்தக்காரர் விட்டுப்போன இடம், அதனால் சொந்தக்காரி. எல்லாம் சரியாகப் பொருந்தியது.

"பாத்தேளாப்பா, இதைக்கூடச் சரியா அடிக்கத் தெரியாதவனையெல்லாம் வேலைக்கு வெச்சிண்டிருக்கா" என்று அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஆமாம்மா, தப்பாத்தான் இருக்கணும்" என்றார். நான் நீலப் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே அழகாக 'ரெலேட்டிவ்' என்று எழுதினேன். அம்மா அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டியில் இருந்தாள்.

அதற்குப் பின் அந்தக் கடிதத்தை நான் நினைத்ததில்லை. கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்தேன். தம்பி புனாவில் வீடு வாங்கினான். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அம்மா என்னோடு செம்பூருக்கு வந்துவிட்டாள். மாட்டுங்கா ரூம் பூட்டிக் கிடந்தது. மாதத்துக்கு ஒருமுறை நான் போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வருவேன்.

போன வருஷம் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. வாடகைக்காரர்கள் எல்லோரும் தங்கள் ரூம் தங்களுடையதுதான் என்று பழைய காகிதங்களைக் காட்ட வேண்டும். நான் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு நாளில் வாடகைக்காரர்கள் கமிட்டியின் வக்கீல் ஆபீஸிலிருந்து போன் வந்தது.

வக்கீல் ஒரு மராத்திப் பெண். என் தம்பி மகனைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கடிதத்தை மேஜையில் திருப்பி வைத்து நீல மையைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆன்ட்டி, யே கிஸ்னே கியா?"

யார் செய்தது என்று கேட்கிறாள். "நான்தான்" என்றேன். எனக்கே சின்னக் குழந்தை மாதிரி இருந்தது. டைப்பிங் தப்பு, அதனால் திருத்தினேன் என்றேன்.

ஒரிஜினலில் யாரோ பேனாவால் திருத்தியிருப்பதைக் கட்டடம் கட்டுகிறவர்களின் வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டாராம். நாங்கள் ஓர் அஃபிடவிட் கொடுக்க வேண்டும். திருத்தியது யார், ஏன் திருத்தினார், இந்த மனிதர் யார், அவருக்கும் அம்மாவுக்கும் என்ன உறவு. நாலு பாராவில் முடிந்துவிடும் என்றாள். நான் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் நாலு பாராவையும் அடித்தேன். 'தட்டச்சுப் பிழை, சொந்தக்காரர் என்றே படிக்கவும்' என்று மூன்றாவது பாரா. உறவு என்ன என்ற இடத்தில் 'தாய்வழி தூரத்து உறவினர்' என்று போட்டேன். அம்மாவைக் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவளிடம் கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தேன்.

சயான் ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் நோட்டரி. வயதான கிறிஸ்துவர், வசாய்ப் பக்கத்து மனிதர். முத்திரை வைப்பதற்கு முன்னால் அவர் எல்லாவற்றையும் படிக்கிறவர். கடிதத்தையும் படித்தார், என் நாலு பாராவையும் படித்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "இது பிழை இல்லை, மேடம். நீங்கள் அடித்துவிட்ட சொல்தான் சரியான சொல்."

"அப்படி ஒரு சொல் இருக்கிறதா?"

"எங்கள் சர்ச் கல்லறைக்கு வாருங்கள். பழைய கல் எதைப் பார்த்தாலும் இருக்கும். இன்னாருடைய ரெலிக்ட் இங்கே உறங்குகிறாள் என்று. முன்காலத்தில் பேப்பர்களில்கூட அப்படித்தான் போடுவார்களாம். இப்போது கல்லில் மட்டும்தான் மிச்சம்."

"அர்த்தம்?"

"விடோ" என்றார். பக்கத்தில் நின்றிருந்த இன்னொருவர் தன் காகிதத்தை நீட்ட, அதை வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அங்கேயே நின்றேன். எங்கள் அப்பா போனது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். கடிதம் எழுதியபோது அப்பாவும் அம்மாவும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதற்கும் மூன்று வருஷம் கழித்துத்தான் செய்துகொண்டார்கள். அப்படியிருக்க அம்மா எப்படி விதவையாக இருக்க முடியும்? அந்தப் பெயர் அப்பாவின் பெயரும் இல்லை. "அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாதா?" என்று நோட்டரியைக் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "டிக்ஷனரி பாருங்கள்" என்றார். முத்திரை வைக்கவில்லை.

செம்பூருக்குப் போக வேண்டியவள், எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி கிங்ஸ் சர்க்கிளில் இறங்கினேன். ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கைப்பையில் போன் இருந்தது, அதிலேயே பார்த்திருக்கலாம். போன் சொல்வதை மட்டும் நம்ப மனம் வரவில்லை போலும். அங்கே பிளாட்பாரத்தில் பழைய புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். மெடிக்கல் புத்தகங்களுக்கு நடுவில் அட்டை கிழிந்த பெரிய டிக்ஷனரி ஒன்று கிடந்தது. தூக்க முடியாத கனம். அங்கேயே குந்தி உட்கார்ந்து பிரித்தேன்.

இருந்தது. வழக்கொழிந்த சொல் என்று போட்டிருந்தது. லத்தீனிலிருந்து வந்தது. மூலப் பொருள், பின்னால் விடப்பட்டது. விடப்பட்டவள். அதனால் விதவை.

அதோடு நிற்கவில்லை. தன் இனம் முழுக்க அழிந்தபின் ஏதோ ஒரு மூலையில் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கும் செடிக்கும் பிராணிக்கும் அதே சொல்லாம். அதன் பக்கத்துச் சொல் ஒன்று, கடலோ ஏரியோ பின்வாங்கியதால் வெளியே தெரிந்த நிலத்துக்கு. வக்கீல்கள் எழுதுவது. நான் இந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ரூம் பற்றிய கடிதம்தானே, நிலம் இடம் பற்றி ஏதாவது சொல்லவந்திருப்பார்களோ என்று ஒரு நப்பாசை. ஆனால் அம்மாவின் பெயருக்கும் ஓர் ஆணின் பெயருக்கும் நடுவில் கடல் எப்படி வந்து பின்வாங்கும்?

"லேனா ஹை க்யா, மேடம்?" என்றார் கடைக்காரர். வாங்கவில்லை என்று சொல்லி எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் இன்னொரு பயம் வந்தது. பின்னால் விடப்பட்டவள் என்றால், விட்டவன் செத்துத்தான் ஆகவேண்டுமா? விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தால்? அப்படியானால் அவர் எங்கேயாவது உயிரோடு இருந்திருப்பார். அப்பா செய்துகொண்ட கல்யாணம் என்ன ஆகிறது? நானும் தம்பியும் என்ன ஆகிறோம்? ஐம்பத்தாறு வயதில், டிக்ஷனரியின் ஒரு வரியை வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நின்று இப்படியெல்லாம் யோசித்தேன். போனில் தேடியபோது அது ஒன்று சொன்னது: ஆங்கிலத்து விடோவும் நம் விதவையும் ஒரே வேரிலிருந்து வந்தவையாம். அது எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

ஆபீஸ் ஞாபகம் ஒன்று வந்தது. தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், தமிழ்நாட்டிலிருந்து கிளெய்ம்களோடு வரும் பழைய பத்திர நகல்களை என்னிடம் தள்ளிவிடுவார்கள். அவற்றில் சில பெண்களின் பெயருக்கு முன்னால் 'விதந்து' என்று இருக்கும். ரொம்ப நாள் வரை அதைக் குடும்பப் பெயர் என்றே நினைத்து ஆங்கிலத்தில் அப்படியே அடித்து வந்தேன். ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டு, எப்படி இத்தனை ஊர்களில் இத்தனை பெண்கள் ஒரே குடும்பத்துக்காரர்கள் என்று கேட்டார். விதந்து என்றால் விதவை. அப்போது எல்லோரும் சிரித்தோம். எனக்கு இந்தச் சொற்களோடு ராசி இல்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த வாரத்து மாத்திரைகளைப் பெட்டியின் ஏழு கட்டங்களில் போட்டுக்கொண்டிருந்தாள். எண்பத்திரண்டு வயது. காதும் கண்ணும் நன்றாக இருக்கின்றன. முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள், வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தேன்.

"அம்மா, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும்."

"கேளேன்."

"ரெலிக்ட்."

புதன்கிழமைக் கட்டத்தில் ஒரு வெள்ளை மாத்திரை விழுந்தது. வியாழக்கிழமையிலும் விழுந்தது. "அதைத்தான் நீ ரெலேட்டிவ்னு திருத்திட்டயே" என்றாள்.

"நோக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே அப்பா சொன்னார். சொல்லிட்டு ஒரே சிரிப்பு. 'உன் பொண்ணு ஒரு கோட்டைப் போட்டு உன்னைக் காப்பாத்திட்டா'ன்னார்."

கடிதத்தில் இருந்த அந்த ஆணின் பெயரைச் சொன்னேன். "அவர் யாரும்மா?"

"என்னை முதல்ல கல்யாணம் பண்ணிண்டவர்."

"அவர் என்ன ஆனார்?"

"போய்ட்டார்."

"போய்ட்டார்னா? எங்க போனார்?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பைத்தியமா என்று கேட்கிற பார்வை. லத்தீனில் இருந்த குழப்பம் தமிழிலும் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செத்தவரும் போய்ட்டார்தான், ஓடினவரும் போய்ட்டார்தான்.

"செத்துப் போய்ட்டார்டீ. மஞ்சக்காமாலை. பதினோரு மாசம் குடித்தனம் பண்ணினோம்." மாத்திரைப் பெட்டியை மூடினாள். "காப்பி போடட்டுமா, இல்ல இன்னும் கேக்கணுமா?"

காப்பி நான் போட்டேன். அவள் சமையலறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். நான் கேட்கக் கேட்கத்தான் சொன்னாள், தானாக எதையும் சொல்லவில்லை.

அவர் ரயில்வே கணக்கு ஆபீஸில் வேலை. கல்யாணம் பாலக்காட்டில். அம்மாவுக்கு இருபத்தொன்று, அவருக்கு இருபத்தைந்து. ரூம் அவருடையது. அவர் போனதும் அம்மாவின் அப்பா வந்து ஊருக்குக் கூப்பிட்டார். அம்மா போகவில்லை. போனால் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். "ஒரு ரூம்ல உக்கார வெச்சுடுவா. ரூம்தான் இங்கயே இருக்கேன்னு தோணித்து." தாத்தா கோபித்துக்கொண்டு தனியாக ரயிலேறினார். அப்புறம் அங்கிருந்து கடிதம்கூட வரவில்லை. அம்மா வழியில் யாருமே எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அப்படியிருக்க அம்மா வழிச் சொந்தக்காரர் ஒருவர் ரூமையே விட்டுப்போனார் என்பதை நான் ஒரு கேள்வி கேட்காமல் இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன்.

ரூமைத் தன் பெயருக்கு மாற்ற அம்மா கட்டடச் சொந்தக்காரரின் ஆபீஸுக்குத் தனியாகப் போயிருக்கிறாள். குமாஸ்தா ஒரு வயதானவர். சட்டைப் பையில் இரண்டு மூக்குக் கண்ணாடி வைத்திருந்தாராம். மெஷினில் காகிதத்தைச் சுற்றி அம்மாவின் பெயரை அடித்தார். கமா அடித்தார். விடோ என்று சொல்லிக்கொண்டே முதல் எழுத்துக்கு விரலைக் கொண்டுபோனபோது அம்மா நிறுத்தச் சொன்னாள்.

"எதுக்கு?"

"அந்தக் காகிதத்தைத்தான் இனிமே எங்கயும் காட்டணும். வேலைக்கு, ரேஷனுக்கு. பாக்கறவன்லாம் முதல்ல அதைப் படிப்பான், அப்புறம் என் மூஞ்சியைப் பாப்பான். நேக்கு இருபத்திரண்டு வயசு. வேற வார்த்தை இருந்தாப் போடுங்கோன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"கண்ணாடியை மாத்திண்டார். ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம் இதை அடிச்சார். 'இந்தக் கட்டடத்துல ஒருத்தனுக்கும் இதுக்கு அர்த்தம் தெரியாது. ஆனா எந்தக் கோர்ட்டும் இதை வேண்டாம்னு சொல்ல முடியாது'ன்னார். நான் அர்த்தம் கேட்டேன். 'அதேதான், மகளே'ன்னார்."

அதேதான். இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தாள்.

நான் பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே அந்தக் கிழவரை நினைத்துப் பார்த்தேன். அவரைத்தான் சரியாக அடிக்கத் தெரியாதவன் என்று சொல்லியிருந்தேன். ஒரு பெண்ணுக்காக, இங்கிலாந்தில்கூட யாரும் எழுதாமல் போன ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து, தட்டுத்தடுமாறாமல் அடித்துக் கொடுத்திருக்கிறார். நான் அதன் மேல் கோடு போட்டேன்.

"அப்பாவுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பா மூணாவது மாடியில இன்னும் நாலு பேரோட ஒரு ரூம்ல இருந்தார். இவர் போனப்போ பாடை தூக்கினவாள்ல அப்பாவும் ஒருத்தர்."

அப்புறம் அவர்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். ரிஜிஸ்டர் கல்யாணம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். காதல் கல்யாணம் என்று நானும் தம்பியும் பெருமையாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறோம். அப்பா வீட்டில் பெண் வேலைக்குப் போகிறவள் என்பதற்கே ஆறு மாதம் பேசவில்லை, அதற்கு மேல் அவர்கள் விசாரிக்கவும் இல்லை, அப்பா சொல்லவும் இல்லை. சொந்தக்காரர் கதையை உண்டாக்கியது அப்பா. "உங்களுக்காகப் பண்ணினது" என்றாள் அம்மா. "சொல்லிச் சொல்லி அது அப்படியே நின்னுடுத்து."

எனக்குள் ரூம் முழுக்கத் தலைகீழாகப் புரண்டுகொண்டிருந்தது. எந்தச் சாமான் யாருடையது? கட்டில்? அது அப்பா வாங்கியதாம். பீரோ? அதுவும் அப்பா. பரண்மேல் இருந்த கறுப்பு டிரங்க் பெட்டி மட்டும் அம்மாவின் முதல் கணவருடையது. அதன் மூடியில் வெள்ளை பெயிண்டில் இரண்டு எழுத்து இருக்கும். ரயில்வே அடையாளம் என்று சொல்லியிருந்தார்கள். நானும் தம்பியும் அதை வராந்தாவில் நிறுத்தி கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பாக வைத்து ஆடியிருக்கிறோம். அந்த இரண்டு எழுத்தும் ஒரு மனிதரின் பெயர்.

"அவர் நேக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். மாமாவின் மச்சினருக்கும் அத்தையின் ஓரகத்திக்கும் நம்மிடம் முறை இருக்கிறது. அம்மாவின் முதல் கணவருக்கு என்ன முறை?

அம்மா டம்ளரைக் கீழே வைத்து யோசித்தாள். "பெரியப்பான்னு வெச்சுக்கோயேன்" என்றாள்.

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. அவர் எப்படி இருப்பார் என்று கேட்டேன். ஒல்லி என்றாள். வெந்தயம் போட்ட தோசை பிடிக்கும் என்றாள். குரல் எப்படி இருக்கும் என்றேன். "ஓர்மை இல்லை. எத்தனையோ பேர் குரல் இந்தக் காதுல இருக்கு. அது இல்லை."

மறுநாள் அஃபிடவிட்டை மறுபடி அடிக்க உட்கார்ந்தேன். அம்மாவிடம், பழையபடி சொந்தக்காரர் என்றே விட்டுவிடலாமே என்றேன். கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியப்போகிறது. நாற்பது வருஷமாகப் பழகினவர்கள் கமிட்டியில் இருக்கிறார்கள்.

"பொய் சத்தியம் பண்ணச் சொல்றயா?"

"இத்தனை நாள் மறைச்சயே."

"மறைக்கலையே. எழுதித்தான் வெச்சிருந்தேன். யாரும் படிக்கலை" என்றாள் அம்மா. "விடோன்னே போடு. அன்னிக்கு அந்த வார்த்தையைப் பாக்க முடியலை. இப்ப என்ன."

போட்டேன். போட்டதும் அடுத்த சங்கடம். அவள் அப்பாவுக்கும் விதவைதானே. ஒரே பெண்ணை ஒரே காகிதத்தில் இரண்டு பேரின் விதவை என்று எழுத வேண்டியிருந்தது. முன்னவருடைய, பின்னவருடைய என்று பிரித்து எழுதினால் ஏதோ வீட்டுமனை விற்பது போல இருந்தது. ஐந்து தடவை மாற்றி அடித்தேன். கடைசியில் அப்பா பெயரை எழுதும்போது என்னையறியாமல் அழுத்தி அடித்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு அது தெரியவா போகிறது.

சனிக்கிழமை டாக்சி வைத்து அம்மாவை வக்கீல் ஆபீஸுக்கு அழைத்துப்போனேன். கமிட்டி செக்ரட்டரியும் வந்திருந்தார். எங்களுக்கு நேர் எதிர் வீட்டில் இருந்த குஜராத்திக்காரர், அப்பாவோடு தினமும் வாக்கிங் போனவர். வக்கீல் பெண் காகிதத்தைப் படித்தாள். பிறகு செக்ரட்டரி படித்தார். நான் என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். யாராவது ஏதாவது சொன்னால் என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஆதார் காப்பி மே பீ சைன் சாஹியே" என்றார் செக்ரட்டரி. ஆதார் நகலிலும் கையெழுத்து வேண்டுமாம். அவ்வளவுதான்.

வக்கீல் பெண் மட்டும் கடிதத்தை இன்னொரு தடவை எடுத்து, நீலக் கோட்டுக்கு அடியில் இருந்த சொல்லை உரக்கப் படித்தாள். "நைஸ் வேர்ட், ஆன்ட்டி" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா, "தேங்க் யூ" என்றாள், யாரோ தன் புடவையைப் பாராட்டியது போல. இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் கால் வலிக்கிறது, நேரே வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

உலகத்துக்கு அறுபது வருஷம் தெரியக்கூடாது என்று வைத்திருந்தது வெளியே வந்தபோது உலகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஏனோ கோபம் வந்தது. யார்மேல் என்று புரியவில்லை. சொல்லாத அப்பாமேலா, கேட்டதும் சொல்லிவிட்ட அம்மாமேலா, கேட்காத என்மேலா. இல்லை, இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஆதார் காப்பி கேட்ட அந்த நல்ல மனிதர்மேலா.

ஞாயிற்றுக்கிழமை புனாவிலிருந்து தம்பி போன் செய்தான். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். நடுவில் லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன். முடித்ததும் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"சாகறப்போ அவருக்கு என்ன வயசு?"

இருபத்தாறு என்றேன்.

தம்பிக்கு ஒரே பையன். பெங்களூரில் வேலை. போன மாதம்தான் அவனுக்கு இருபத்தேழு முடிந்தது. சட்டை பட்டன் விழுந்தால் இன்னும் புனாவுக்கு வரும்போது அவன் அம்மாவிடம்தான் கொண்டுவந்து கொடுக்கிறான். தம்பி நினைத்தது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா என்று அம்மா சொன்னதை மட்டும் அவனிடம் சொன்னேன்.

"பெரியப்பாவா?" என்றான். "சின்னப் பையன்டீ அவன்."

அதிலிருந்து தம்பி போனில் பேசும்போதெல்லாம் அவரை 'அந்தப் பையன்' என்றுதான் சொல்கிறான். அந்தப் பையன் பெட்டியை எடுத்து வைத்தாயா, அந்தப் பையன் போட்டோ ஏதாவது அம்மாவிடம் இருக்கிறதா என்று கேட்பான். போட்டோ இல்லை. பெட்டியை செம்பூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் இப்போதைக்கு ஹாலில் இருக்கிறது.

அம்மா அதன்மேல் செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருக்கிறாள்.